ஈரக்காற்றும் கேமராவும்

தூறல் விழுந்ததுமே கேமராவைச் சட்டைக்குள் மறைக்கிறோம், கைக்குட்டையைப் போர்த்துகிறோம், ஓரமாக ஒதுங்குகிறோம். மழையிடம் காட்டும் இந்தப் பயத்தில் பாதியைக்கூட நாம் பீரோவிடம் காட்டுவதில்லை. கல்யாணமோ சுற்றுலாவோ முடிந்ததும் கேமராவைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். நாலைந்து மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் லென்ஸின் உள்கண்ணாடியில் வெள்ளை இழைகள் ஓடியிருக்கும். நம் ஊரில் கேமராக்கள் அதிகம் கெடுவது இப்படித்தான் என்பது என் அனுபவம். அதனால் இந்த அத்தியாயத்தில் மழைக்குக் கொஞ்சம் இடமும், கேமராவை வீட்டில் வைக்கும் முறைக்கு நிறைய இடமும் ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 60. கேமரா இருக்கும் இடத்தின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரிய கவலை இல்லை. 40 முதல் 50 வரை இருந்தால் உத்தமம். 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தயாராகிவிடும். அதற்காக 30க்குக் கீழே நெடுநாள் வறட்டி எடுப்பதும் கூடாது. ரப்பர் பிடிகள் விறைக்கும், லென்ஸ் வளையத்துக்குள் இருக்கும் மசகு காயும்.

அந்தச் சதவீதத்துக்கு என்ன பொருள்

வானிலை அறிக்கையில் சொல்லும் ஈரப்பதம், காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை நேராகச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்றால் தாங்க முடிந்த நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். ஆகவே ஒரு சொட்டு நீர்கூடச் சேராமல், காற்று குளிர்ந்தாலே சதவீதம் ஏறிவிடும். மதியம் 32 டிகிரி வெயிலில் 60 சதவீதம் இருந்த அதே காற்று, இரவு 26 டிகிரிக்கு இறங்கும்போது 85 சதவீதத்தைத் தொடும். பகலில் உலர்ந்த மாதிரித் தெரிந்த அறையில் இரவு முழுக்கக் கேமரா ஈரத்தில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இதில் விடுமுறையே கிடையாது. சென்னையில் பெரும்பாலான மாதங்களில் காலை ஈரப்பதம் 70ஐத் தாண்டிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பகலிலும் இறங்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதே கதை. கன்னியாகுமரிக்காரர்கள் இரண்டு பருவத்தையும் பார்க்கிறார்கள். மதுரை, திருச்சிப் பக்கம் கோடை மதியங்கள் நன்றாகவே உலர்ந்திருக்கும், ஐப்பசி கார்த்திகையில்தான் கவனம் வேண்டும். ஆகவே அடுத்த ஊர் நண்பர் 'நான் ஒன்றுமே செய்வதில்லை, என் லென்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொன்னால், அவர் ஊர் எது என்று கேளுங்கள்.

பூஞ்சைக்கு என்ன தீனி

பூஞ்சையின் வித்துகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. புது லென்ஸிலும் இருக்கும். அவற்றை ஒழிக்க முடியாது. முளைக்க விடாமல் வைத்திருக்கத்தான் முடியும். லென்ஸ் தயாரிப்பாளரான ஸைஸ் நிறுவனம் பூஞ்சை முளைப்பதற்கான சூழலை வரையறுத்திருக்கிறது: மூன்று நாளுக்கு மேல் 70 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதம், 10 முதல் 35 டிகிரி வெப்பம், இருட்டு, அசையாத காற்று, கொஞ்சம் தீனி. இதைப் படித்துவிட்டு உங்கள் பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒன்றுகூடக் குறையாது.

தீனிக்கு அதிகம் வேண்டாம். விரல் பட்ட எண்ணெய்ப்பசை, துணியிலிருந்து உதிர்ந்த நூல்தூசி, லென்ஸுக்குள் இருக்கும் மசகு, உள்பக்கம் பூசிய சாயம், இவையே போதும். பூஞ்சை கண்ணாடியைத் தின்பதில்லை. ஆனால் வளரும்போது அது வெளிவிடும் அமிலம் கண்ணாடி மேல் பூசிய மெல்லிய பூச்சை அரிக்கிறது. முற்றினால் கண்ணாடியிலேயே தடம் விழும். இழைகளைத் துடைத்து எடுத்துவிடலாம், அரித்த தடத்தை எடுக்க முடியாது. வெளிச்சத்துக்கு எதிராகப் படம் எடுக்கும்போது அந்த இடம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

வெப்பநாட்டில் ஒளிக்கருவி வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது. இரண்டாம் உலகப் போரில் நியூ கினியாக் காடுகளில் ராணுவத்தின் தொலைநோக்கிகளும் குறிபார்க்கும் கருவிகளும் பூஞ்சையால் பயனற்றுப் போயின. தீர்வு தேடி ஆஸ்திரேலிய அரசு மெல்பர்ன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்களிடம் போனது. அவர்கள் பாதரசம் கலந்த ஒரு பூஞ்சைக்கொல்லியைக் கருவிகளுக்குள் பூசிப் பார்த்தார்கள். நம் கேமராவுக்குள் பாதரசம் பூச வேண்டாம். உலர்ந்த டப்பா ஒன்று போதும்.

அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்

ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் வாங்குவதற்கு முன்னால், டப்பா வாங்குவதற்கும் முன்னால், ஈரப்பதத்தை அளக்கும் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது இல்லாமல் செய்வதெல்லாம் குத்துமதிப்புதான். ஜெல் பை போட்டிருக்கிறோம் என்ற நிம்மதியில், உள்ளே 75 சதவீதத்தில் லென்ஸ் ஊறிக்கொண்டிருப்பது தெரியாமலே போய்விடும்.

மலிவான ஹைக்ரோமீட்டர் ஐந்து பத்துப் புள்ளி முன்பின் காட்டக்கூடும். அதை வீட்டிலேயே சோதிக்கலாம், அடுப்படி உப்பு போதும். தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றில் ஒரு ஸ்பூன் தூள் உப்பைப் போடுங்கள். அதன் மேல் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுக் குச்சியால் கிளறுங்கள். ஈரமணல் பதத்துக்கு வர வேண்டும். உப்பு கரைந்து தண்ணீர் தேங்கினால் இன்னும் உப்பு போடுங்கள். மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் ஒன்றோடொன்று படாமல் ஒரு ஜிப் லாக் பைக்குள் வைத்து, கொஞ்சம் காற்றோடு மூடி, ஏசி ஓடாத அறையில் ஓர் இரவு விடுங்கள். நனைந்த சாதாரண உப்பு, தன்னைச் சுற்றி அடைபட்ட காற்றை 75 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தும். காலையில் கருவி 75 காட்டினால் சரி. 70 காட்டினால் எப்போதும் ஐந்து கூட்டிப் படிக்க வேண்டும் என்று பொருள். ஒரு துண்டுக் காகிதத்தில் '+5' என்று எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

பிறகு அந்தக் கருவியை இப்போது கேமரா இருக்கும் இடத்தில் ஒரு வாரம் வைத்து, காலையும் இரவும் பாருங்கள். குளியலறைச் சுவரை ஒட்டிய பீரோவா, மொட்டைமாடி ஒழுகும் அறையின் பரணா, எந்த இடம் எவ்வளவு மோசம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

டப்பா போதும், பெரும்பாலானவர்களுக்கு

ஒரு கேமரா, இரண்டு மூன்று லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரப் பெட்டி அவசியமில்லை. மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம் வைத்த, நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் டப்பாதான் என் பரிந்துரை. பாத்திரக்கடையில் பலகாரம் வைக்க விற்பார்களே, அதேதான். கண்ணாடி போல் தெரிவதாக இருந்தால் திறக்காமலே உள்ளே இருக்கும் ஹைக்ரோமீட்டரைப் படிக்கலாம். வாங்கியதும் உள்ளே ஒரு காய்ந்த டிஷ்யூ காகிதத்தைப் போட்டு மூடி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த டப்பாவில் அரிசி வைத்துக்கொள்ளுங்கள், வேறு வாங்குங்கள்.

மூடியின் இறுக்கத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. 20 லிட்டர் டப்பாவுக்குள் 30 டிகிரியில் 80 சதவீத ஈரக்காற்று இருந்தால், அதில் உள்ள மொத்த நீர் அரை கிராம்கூட இல்லை. 100 கிராம் சிலிகா ஜெல் அதைப் போல் நாற்பது மடங்கு நீரை விழுங்கி வைத்துக்கொள்ளும். அப்படியிருந்தும் பலர் வீட்டில் இரண்டே வாரத்தில் ஜெல் நிறம் மாறிவிடுகிறது என்றால், ஈரம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, கசியும் மூடி. இன்னொன்று, கேமராவோடு சேர்த்து உள்ளே போடும் பை, தோள்பட்டி, துணி, நுரைப்பஞ்சு. இவை காற்றை விடப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே டப்பாவுக்குள் கேமராவும் லென்ஸும் மட்டும் போகட்டும். பை வெளியே காற்றாடத் தொங்கட்டும். தோல் உறை இருந்தால் அதைத் தனியாகவே வையுங்கள், தோலே பூஞ்சைக்கு நல்ல தீனி.

ஜெல் எவ்வளவு போடுவது? 20 லிட்டருக்கு 100 கிராமில் தொடங்குங்கள். மறுநாள் ஹைக்ரோமீட்டரைப் பாருங்கள். 30க்குக் கீழே போனால் பாதியை வெளியே எடுங்கள், 50க்கு மேலே நின்றால் கூட்டுங்கள். செருப்பு டப்பாவிலும் மாத்திரை பாட்டிலிலும் வந்த சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் போடுபவர்கள் உண்டு. அவை உங்கள் கைக்கு வந்து சேர்ந்து நாலு நாள் மேசையில் கிடந்தபோதே வயிறு நிறைய ஈரம் குடித்துவிட்டவை. காய்ச்சாமல் போட்டால் பயனில்லை.

நீல நிற ஜெல் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, உடம்புக்குக் கெடுதல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் ஆரஞ்சு நிறத்தில் வருவதைத்தான் சொல்வேன், அது ஈரம் ஏறினால் பச்சையாகும். நிறமே இல்லாத வெள்ளை ஜெல் மலிவு. அதை வாங்கினால் காய்ந்த நிலையில் எடை போட்டு, பையின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். 100 கிராம் 115 ஆனதும் காய்ச்சும் நேரம் வந்துவிட்டது.

காய்ச்சுவது எளிது. ஓவன் இருந்தால் தட்டில் மெல்லியதாகப் பரப்பி 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். இல்லையென்றால் பழைய இரும்புச் சட்டியில், மிகச் சிறிய தீயில், கிளறிக்கொண்டே நிறம் திரும்பும் வரை. அந்தச் சட்டியில் மறுபடி சமைக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தீ கூடினால் நீல ஜெல் கறுத்துவிடும். கறுத்தது பிறகு தேறாது. இறக்கியதும் சூட்டோடு ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி ஆறவிடுங்கள். திறந்த தட்டில் ஆறவிட்டால், ஆறி முடிவதற்குள் அறையின் ஈரத்தை எல்லாம் இழுத்துக்கொண்டுவிடும். இரண்டு செட் ஜெல் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது வசதி. புயல் அறிவிப்பு வந்தால் மின்சாரம் இருக்கும்போதே ஒரு செட்டைக் காய்ச்சி ஜாடியில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சார டிரை கேபினட்

லென்ஸ்கள் ஐந்தாறைத் தாண்டினால், அல்லது போட்டோகிராபியே பிழைப்பு என்றால், இதில் பணம் போடுங்கள். கண்ணாடிக் கதவு வைத்த சின்னக் குளிர்பதனப் பெட்டி மாதிரி இருக்கும், ஆனால் குளிர வைக்காது. இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் பெல்டியர் தகடு ஒன்று சின்ன இடத்தை மட்டும் குளிர்வித்து, ஈரத்தை அங்கே படியச் செய்து, பின்பக்கம் வழியே ஆவியாக விடும். இன்னொரு வகைக்குள் உலர்த்தும் பொருள் இருக்கும்; அது உள்ளே ஈரத்தை உறிஞ்சும், பிறகு ஹீட்டர் அதைச் சுடவைத்து ஈரத்தை வெளியே தள்ளும். மின்வெட்டு அதிகமுள்ள ஊருக்கு இரண்டாவது வகையே மேல். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் உலர்த்தி கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும்.

அளவை 45க்கு வையுங்கள். பெட்டியோடு வரும் மீட்டரை நம்பிவிடாமல் நீங்கள் உப்பு வைத்துச் சோதித்த ஹைக்ரோமீட்டரையும் உள்ளே ஒரு மூலையில் வையுங்கள். மின்செலவு மிகக் குறைவு என்பதால் வருடம் முழுக்க ஓடட்டும். ஊருக்குப் போகும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறவர்கள், மழைக்காலத்தில் இந்தப் பெட்டியின் கதவு ரப்பரை மட்டும் நம்ப வேண்டாம். காய்ச்சிய ஜெல் ஒரு பை உள்ளே போட்டுவிட்டுப் போங்கள்.

முன்பெல்லாம் ஸ்டூடியோக்காரர்கள் மர அலமாரிக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு வைப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 28 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால் 60க்கு இறங்கிவிடும். ஆனால் எல்இடி பல்பு அந்தச் சூட்டைத் தராது. குண்டு பல்பை மர அலமாரியில் ஆளில்லாத வீட்டில் எரியவிடுவதோ தீ விபத்துக்கு வழி. இன்று அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உள்ளே போகக்கூடாதவை

பாச்சை உருண்டை, கற்பூரம் இரண்டையும் கேமரா பக்கமே கொண்டுவராதீர்கள். துணிக்குப் பூச்சி வராமல் போடுவது கேமராவுக்கும் நல்லதுதானே என்று தோன்றும். அந்த ஆவி லென்ஸ் மேல் படலமாகப் படியும், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் பாதிக்கும். கேமராக் கம்பெனிகளின் கையேடுகளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. பட்டுப்புடவை பீரோவில் கேமரா வைக்கக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

அடுத்தது அரிசி. நனைந்த போனை அரிசியில் புதைக்கும் பழக்கம் கேமராவுக்கும் வந்துவிட்டது. கடையில் வாங்கும் அரிசியிலேயே 12, 13 சதவீதம் ஈரம் இருக்கிறது. அந்த அரிசி நிறைந்த டப்பாவின் காற்று 60, 65 சதவீத வாக்கில்தான் போய் நிற்கும். நாம் எந்த எண்ணுக்குக் கீழே போக வேண்டும் என்று பாடுபடுகிறோமோ அதற்கு மேலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு அரிசி மாவு லென்ஸ் வளையத்தின் இடுக்கில் புகும்.

ஏசியிலிருந்து வெளியே வரும்போது

கல்யாண வேலை செய்பவர்களுக்கு இது தினசரித் தொல்லை. மண்டபத்துக்குள் ஏசி 22 டிகிரி. மாப்பிள்ளை அழைப்புக்கு வாசலுக்கு ஓடினால் வெளியே 30 டிகிரி, 75 சதவீதம். அந்தக் காற்றின் பனிப்புள்ளி சுமார் 25 டிகிரி. அதாவது 25க்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதன் மேலும் அந்தக் காற்று நீராகப் படியும். கேமரா 22ல் இருக்கிறது. முன்கண்ணாடி அப்படியே வெளுத்துப்போகும், நாகஸ்வரக்காரர் தெருமுனை திரும்பிவிடுவார். மார்கழிக் கச்சேரிக்குச் சபாவில் படம் எடுத்துவிட்டு வெளியே கேன்டீனில் எடுக்க வருபவர்களுக்கும் இதே கதிதான்.

செய்ய வேண்டியது: வெளியே போவதற்கு அரை மணி நேரம் முன்பே, ஏசிக்குள் இருக்கும்போதே, கேமராவை ஜிப் லாக் பைக்குள் போட்டு மூடுங்கள். அந்தப் பையோடு வெளியே கொண்டுபோய் வையுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமரா உள்ளே மெல்லச் சூடேறும். பெரிய டெலிலென்ஸ் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரம் இல்லாத கல்யாண வேலையில் இரண்டு கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றை வெளிவேலைக்கென்று ஏசி இல்லாத இடத்திலேயே விட்டுவிடுவது உண்டு. மணமகள் அறைக்குள் அதைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

பனி படிந்துவிட்டால் துடைத்துத் துடைத்துப் போராடாதீர்கள், துடைத்த உடனே மறுபடி படியும். லென்ஸைக் கழற்றவே கூடாது. கழற்றினால் குளிர்ந்த சென்சார் மேலும் ஈரம் படியும். காத்திருங்கள். ஹேர் டிரையர் காட்டாதீர்கள்.

கொடைக்கானலில் இருந்து விடியற்காலையில் இறங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மேலே 12 டிகிரியில் இரவெல்லாம் இருந்த கேமராவை வத்தலக்குண்டு டீக்கடையில் பையிலிருந்து எடுத்தால் உடனே மூடிக்கொள்ளும். பையைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போங்கள்.

கடற்கரையும் மழைக்காடும்

உப்புச் சோதனையில் பார்த்தோமே 75 சதவீதம், கடற்கரையில் அதே எண் வேறு வேடத்தில் வருகிறது. அலையிலிருந்து வரும் நுண்திவலை கேமரா மேல் உப்பாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75ஐத் தாண்டும்போதெல்லாம் அந்த உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு 75கூட வேண்டாம், அதற்கு முன்பே பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். ஆகவே தனுஷ்கோடியிலோ கோடியக்கரையிலோ படம் எடுத்த அன்று இரவே துடைக்க வேண்டும், வீடு திரும்பிய பிறகு அல்ல. நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மெல்லிய துணியால் உடம்பையும் லென்ஸ் குழலையும் ஒருமுறை, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை. பட்டன்களின் ஓரம், பிளாஷ் மாட்டும் உலோகத் தண்டவாளம், டிரைபாட் திருகு, இவற்றை விட்டுவிடாதீர்கள். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். கடற்கரையில் லென்ஸுக்கு முன்னால் சாதா பில்டர் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. கீறல் விழுந்தாலும் பில்டரோடு போகும்.

வால்பாறையின் தென்மேற்குப் பருவமழை வேறு விதம். பக்கத்திலேயே இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அங்கே மூன்று நாள் தங்கினால் சட்டையே காயாது. 'வெதர் சீல்' போட்ட கேமராதானே என்று தைரியம் கொள்ளாதீர்கள். ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 போல ஐபி53 தரம் பெற்றவைகூடத் தெறிக்கும் நீரைத்தான் தடுக்கின்றன. நீராவியை எந்த ரப்பர் வளையமும் முழுக்கத் தடுப்பதில்லை. நீளும் ஜூம் லென்ஸை முன்னும் பின்னும் தள்ளும்போது ஒவ்வொரு தடவையும் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. இத்தகைய பயணத்துக்கு நீளாத லென்ஸை எடுத்துச் செல்லுங்கள். இரவில் கேமராவைப் பைக்குள் விடாமல், சின்ன ரப்பர் வளைய டப்பா ஒன்றில் காய்ச்சிய ஜெல்லோடு வையுங்கள். விடுதி அறையில் ஈரத்துணி காயும் கொடிக்குக் கீழே டப்பாவைத் திறக்காதீர்கள். விடுதியில் தரும் ஷவர் தொப்பி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால், தூறலில் கேமரா மேல் மாட்டிக்கொள்ள அதைவிடச் சுலபமான உறை கிடையாது.

நன்றாகவே நனைந்துவிட்டால்: உடனே அணையுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள். வெளியே உள்ள நீரை ஒற்றி எடுங்கள். குலுக்கினால் நீர் உள்ளே இன்னும் ஆழமாகப் போகும். டப்பாவில் தாராளமாக ஜெல் போட்டு இரண்டு நாள் விடுங்கள், இடையில் 'ஆன் ஆகிறதா' என்று ஸ்விட்ச் போட்டுப் பார்க்க வேண்டாம். விழுந்தது கடல்நீரில் என்றால் காயவைத்துக் காத்திருப்பதே தவறு. அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். உப்பு உள்ளே காய்ந்த பிறகு அவரால் செய்ய முடிவது குறைவு.

டார்ச் அடித்துப் பார்ப்பது

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா லென்ஸையும் இப்படிப் பாருங்கள். அறையை இருட்டாக்குங்கள். லென்ஸைக் கழற்றி, பின்மூடியை எடுத்து, துளையை முழுக்கத் திறந்த நிலையில் வையுங்கள். பழைய லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் போதும். புது லென்ஸ்களில் சிலவற்றில் கேமராவில் மாட்டியிருந்தால்தான் திறக்கும். பின்பக்கமிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். வெளிச்சத்தை நேராகப் பார்க்காமல் ஓரமாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவது தூசி. எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது, விட்டுவிடுங்கள். முழுக்க மெல்லிய புகை படிந்த மாதிரி இருந்தால் மசகு ஆவியாகிப் படிந்திருக்கலாம். விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கிளை விட்டு நீளும் மெல்லிய இழைகள்தான் பூஞ்சை. பழைய லென்ஸ் வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்யுங்கள். டார்ச் அடிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

பூஞ்சை கண்டுவிட்டால் அந்த லென்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் ஜெல்லோடு வையுங்கள். ஒட்டுவாரொட்டி நோய் போல அது அப்படியே பரவிவிடாது. மற்ற லென்ஸ்களிலும் வித்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அதே சூழலில் இருந்தவை என்பதால் எல்லாவற்றையும் அன்றே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் செத்துவிடும் என்று பலர் சொல்வார்கள். புற ஊதாக் கதிருக்குப் பூஞ்சையை அழிக்கும் சக்தி உண்டு என்றாலும், லென்ஸின் கண்ணாடிகள் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மதிய வெயிலில் கறுப்பு லென்ஸ் கொதிக்கும், மசகு உருகித் துளையின் இதழ்களில் ஏறும். வெயிலைக் குவித்து எதையாவது பற்றவும் வைக்கும். வேண்டாம்.

பூஞ்சை தொடக்கத்தில் இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்வது பயனுள்ள வேலை. கொடுக்கும் முன் பழுதுபார்ப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பூஞ்சை எந்தக் கண்ணாடியில் இருக்கிறது? வெளிக்கண்ணாடியென்றால் செலவு குறைவு, ஒட்டுக் கண்ணாடிகளுக்கு நடுவில் என்றால் பெரும்பாலும் கைவிட வேண்டியதுதான். பூச்சு அரித்திருக்கிறதா? சுத்தம் செய்த பிறகு போகஸ் சரியாக விழுகிறதா என்று எனக்கு முன்னால் காட்டுவீர்களா? சுத்தம் செய்யும் கூலி, அதே லென்ஸைப் பழையதாக வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் நான் செய்யச் சொல்லமாட்டேன். மிகச் சிறிதாக ஓரத்தில் மட்டும் இருந்தால், சுத்தம்கூடச் செய்யாமல், ஈரப்பதத்தை 45ல் நிறுத்தி அடக்கி வைத்து வருடக்கணக்கில் படம் எடுக்கலாம்.

சுத்தம் செய்து வந்த லென்ஸைப் பழைய இடத்திலேயே வைத்தால் அது மறுபடி முளைக்கும். டப்பாவைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, ஜெல்லைப் புதிதாகக் காய்ச்சிப் போட்டு, ஹைக்ரோமீட்டர் ஒரு நாள் முழுக்க 50க்குக் கீழே நிற்பதைப் பார்த்த பிறகு உள்ளே வையுங்கள். முதல் மூன்று மாதம் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பு இழை இருந்த அதே விளிம்பை முதலில் பாருங்கள்.